தங்க வரிசையில் நின்ற அண்ணாச்சி

வாடிக்கையாளர் என்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். பணம் கொடுப்பார், பொருளை வாங்குவார், பொருள் சரியில்லை என்றால் கடைக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது அவருக்கு அடுத்த படியில் இருக்கும் ஓர் அபூர்வப் பிறவியைப் பற்றி: நிரந்தர விசுவாசி. இவரும் பணம் கொடுப்பார், பொருளை வாங்குவார். பொருள் சரியில்லை என்று யாராவது சொன்னால், சொன்னவரைத் திட்டுவார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கம்பெனியின் பெயருக்கு முன்னால் ‘நம்ம’ போடுவார். நம்ம ஜவுளிக்கடை, நம்ம டயர் கம்பெனி, நம்ம பேங்க். அதில் இவருக்கு ஒரு பைசா பங்கு கிடையாது. முதலாளி இவரை நடுத்தெருவில் பார்த்தால் ஆரன் அடித்து ஒதுங்கச் சொல்வார். ஆனாலும் கம்பெனி புதுக் கிளை திறந்தால் இவருக்கு ஒரு சுற்றுச் சதை போடும். இந்த இனத்தில் உட்பிரிவுகள் ஏராளம். நான் பக்கத்திலிருந்து பார்த்து, பழகி, டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தவர் தச்சநல்லூர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. அவர் கப்பல் பிரிவு.

என் பெயர் நடராஜ். வண்ணார்பேட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். சென்னை பஸ், காசி யாத்திரை, இப்போது சில வருஷமாகச் சொகுசுக் கப்பல். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு கப்பல் டிக்கெட் விற்கிறாயே என்று சிரிக்காதீர்கள். ஆற்றங்கரைக்காரனுக்குத்தான் கடல்மேல் ஆசை அதிகம். கடற்கரைக்காரனிடம் போய்க் கப்பல் டிக்கெட் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள், துடுப்பால் அடிப்பான்.

அண்ணாச்சி பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்தவர். முப்பது வருஷம் தாமிரபரணி அணைக்கட்டுகளின் மதகுகளைத் திறக்கச் சொல்லியும் மூடச் சொல்லியும், திறந்தால் ஓர் ஊர்க்காரர்களிடமும் மூடினால் இன்னோர் ஊர்க்காரர்களிடமும் ஏச்சு வாங்கியும் ஓய்வு பெற்றார். பெற்ற மறுமாதம் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

“தொறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். அப்படி ஒரு தண்ணியக் கண்ணால பாக்கணும்வே. எங்கன போகலாம்?”

கொச்சியிலிருந்து கொழும்பு போய்த் திரும்பும் கப்பல் ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ‘நீலமணி’ என்ற கம்பெனியின் ‘சாகர சுந்தரி’. அவருக்கும் அவர் மனைவி வேணியம்மாவுக்கும் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் நேரே என் கடைக்கு வந்து சண்டை பிடித்தார். குழாயில் காவித் தண்ணீர் வருகிறதாம். ஏசி வேணியம்மாவின் தலையணைக்கு நேர் மேலே சொட்டுகிறதாம். லிப்ட் நாலாவது தளத்துக்கும் ஐந்தாவது தளத்துக்கும் நடுவில் நின்று தியானம் செய்கிறதாம்.

“ஒழுகாத கப்பல் ஒண்ணுகூட இல்லியாவே உம்ம கடையில?”

பார்த்தீர்களா? அன்றைக்கு அவர் முழு ஆரோக்கியமான மனிதர்.

நோய் தொற்றியது இரண்டாவது பயணத்தில். சலுகை விலையில் கிடைக்கிறதே என்று அதே கப்பலுக்குப் போனார். கப்பல் வாசலில் சீருடை போட்ட பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, “மீண்டும் வருக, மிஸ்டர் லிங்கம்! நீங்கள் எங்கள் குடும்பம்” என்றாள். திரையில் எழுதியிருந்ததைப் படித்தாள், அவ்வளவுதான். ஆனால் அண்ணாச்சியின் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் கண்ணாடிக் கூட்டை எடுக்கப் பழைய ஆபீசுக்குப் போனபோது, வாசலில் இருந்த வாட்ச்மேன் “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டிருந்தான். அந்தக் கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு போன மனிதருக்கு நடுக்கடலில் ஒரு குடும்பம் கிடைத்தது. விழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு ஆள். மூன்றாவது பயணத்தில் வெள்ளி அட்டை வந்தது. ஐந்தாவதில் தங்க அட்டை. தங்க உறுப்பினருக்குத் தனி வரிசை, அறையில் மூன்று ஆப்பிள், ஒரு ஜோடி காகிதச் செருப்பு, ஒரு நாளைக்கு இரண்டு சட்டை இலவசச் சலவை. அண்ணாச்சி அழுக்குச் சட்டைகளைத் தச்சநல்லூரிலிருந்தே கட்டி எடுத்துப் போவார். கல்யாண வீட்டில் சாப்பாடு மாடியில் என்றால், “ரெண்டாவது டெக்லயா?” என்பார். அட்டையைக் கழுத்து நாடாவில் மாட்டிக்கொண்டு நெல்லையப்பர் கோயிலுக்கு வருவார். சிறப்பு தரிசன வரிசையில் அதைக் காட்டிப் பார்த்ததாகக்கூடக் கேள்வி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை.

காவித் தண்ணீர் என்ன ஆயிற்று? அப்படியேதான் வந்தது. “இரும்புச் சத்துவே” என்றார். ஏசிச் சொட்டு? “பழைய கப்பல்னா நாலு சொட்டு சொட்டத்தான் செய்யும். சொட்டாம இருந்தா அது லாட்ஜு.”

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கு வயதாகிவிட்டால் கம்பெனிக்காரன் உடனே கழித்துக் கட்டுவதில்லை. முதலில் பட்டறையில் ஏற்றிப் பெயின்ட் அடித்து, கம்பளத்தை மாற்றி, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று விளம்பரம் போடுவான். அது வெளுத்ததும், கப்பலையே பார்த்திராத ஊர்ப் பக்கமாக அதை நகர்த்திவிட்டு, நெடும்பயணத்தைக் குறும்பயணம் ஆக்குவான். அதுவும் ஓய்ந்தால் பெயரை மாற்றி இன்னொருவன் தலையில் கட்டுவான். சாகர சுந்தரிக்கு அது மூன்றாவது பெயர். குளியலறைக் கதவில் எந்த நாட்டு மொழி என்றே தெரியாத ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். இதற்கிடையில் எங்கேயோ பதினாறு மாடியில் ஒரு புதுக் கப்பல் தயாராகும். அதில் ஏறப் புது ஆட்கள் வருவார்கள். அப்படியானால் பழைய கப்பலை யாரை வைத்து நிரப்புவது? அதற்காகக் கடவுள் படைத்தவர்தான் விசுவாசி. புதுக் கப்பலுக்குப் புது ஆள், பழைய கப்பலுக்குப் பழைய ஆள். அட்டையும் ஆப்பிளும் அதற்குத்தான்.

இதை ஒருநாள் அண்ணாச்சியிடம் பைய எடுத்துச் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போன வருஷம் கம்பெனியிலிருந்து அவருக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில், ‘சாகர சாம்ராட்’ என்ற புதுக் கப்பல் வருகிறது, உங்களைப் போன்ற விசுவாசிகளுக்காகத் தங்கத்துக்கு மேலே வைரம் என்று ஒரு புதுப் படி உண்டாக்கியிருக்கிறோம் என்று இருந்தது. அதாவது, உச்சாணிக் கொப்பில் உட்கார்ந்திருந்தவரின் தலைக்கு மேல் ஒரு கொப்பை ஒட்ட வைத்திருந்தார்கள். இரண்டாவது கடிதத்தில், சாகர சுந்தரி விடைபெறுகிறாள், அவளுடைய நிறைவுப் பயணத்தில் கலந்துகொள்ளும் தங்க உறுப்பினர்களுக்கு இரட்டைப் புள்ளிகள் என்று இருந்தது. இரட்டைப் புள்ளி என்றால் வைரம் கைக்கெட்டும் தூரம்.

கப்பல் புறப்படும் நாள் வெள்ளிக்கிழமை. அதே வெள்ளிக்கிழமைதான் பெங்களூரில் அவருடைய ஒரே மகள் பிரியாவின் புது ஃபிளாட்டுக்குப் பால்காய்ச்சு.

பிரியாவும் மருமகன் குமரவேலும் ஆறு வருஷம் வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்து வாங்கிய ஃபிளாட் அது. நாள் குறித்துக் கொடுத்ததே அண்ணாச்சிதான். கப்பல் கடிதம் வந்த பிறகு அவர் மகளுக்குப் போன் போட்டு, “அடுத்த முகூர்த்தம் இதவிட நல்லா இருக்கும்மா” என்று ஆரம்பித்தார்.

“அப்பா, பத்திரிகை அடிச்சாச்சு” என்றாள் பிரியா. “கப்பல வேணும்னா ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்க. நீங்க அவங்க குடும்பம்தானே? கேக்க மாட்டாங்களா?”

அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். டிக்கெட் எடுக்க என் கடைக்கு அவர் வந்தபோது வேணியம்மாவும் கூட வந்திருந்தார்கள். மூன்று பேர் உட்காரும் என் கடையில் அன்று நடந்த பேச்சை எழுதியே ஆகவேண்டும்.

“ஏங்க, பெத்த மக வீட்டுல பால் பொங்கும்போது அப்பன் எங்கன்னு நாலு பேரு கேப்பாகளே. என்ன சொல்லச் சொல்லுதிய?”

“முக்கியமான சோலியா போயிருக்காருன்னு சொல்லு.”

“என்ன சோலி? கெழட்டுக் கப்பல வழியனுப்புத சோலியா? அதுக்கு நீங்க என்ன மாப்ளையா, மாமனாரா? சீர் செஞ்சு அனுப்பப் போறியளா?”

“இது கடைசிப் பயணம், வேணி. பொறவு இந்தக் கப்பல் கெடையாது.”

“பிரியாவுக்கும் பொறவு ஒரு பால்காய்ச்சு கெடையாது.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேணியம்மா என் மேஜையில் கையை வைத்து, “தம்பி, எனக்கு பெங்களூருக்கு ஒரு சீட்டு. அவுகளுக்கு எங்கன வேணும்னாலும் போடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். இரண்டு டிக்கெட்டையும் போட்டேன். இரண்டிலும் எனக்குக் கமிஷன் உண்டு, மறைப்பானேன்.

இனி கொச்சி. அண்ணாச்சி காலை பத்து மணிக்கே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுத்தில் தங்க அட்டையோடு ஆஜர். அங்கே இரண்டு வரிசைகள். ஒன்றில் ‘பொது’ என்று பலகை, இன்னொன்றில் ‘தங்கம்’. தங்க வரிசை கட்டடத்தைச் சுற்றி வெளியே வெயிலுக்கு வந்து, கார் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. ஏறக்குறைய எல்லோரும் தங்கம். பொது வரிசையில் ஓர் ஆள்கூட இல்லை.

அப்போதுதான் பத்தமடை இசக்கியப்பன் வந்து சேர்ந்தான். கொத்தனார். வருஷம் முழுக்க ஒரே கம்பெனி சிமெண்டை வாங்கியதற்காக, அந்தக் கம்பெனி அவனையும் இன்னும் இருபது கொத்தனார்களையும் பரிசாகக் கப்பலேற்றிவிட்டது. அவன் கட்டிய வீடுகளில் ஒன்று அண்ணாச்சியுடையது. பழக்கமான முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

“அண்ணாச்சி! ஏன் இங்கன வெயில்ல நிக்கிய? அந்தா அங்கன ஈ காக்கா இல்ல. வாங்க, போவோம்.”

“அது பொது வரிசைப்பா. இது தங்கம்.”

“தங்கம்னா உருகிலா போவும் இந்த வெயில்ல?”

அண்ணாச்சி போகவில்லை. இசக்கியப்பன் ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டான். அவன் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மேல்தளத்துக்கு வந்து எட்டிப் பார்த்தபோதும் அண்ணாச்சி கார் நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் நடுவில்தான் நின்றாராம். பிறகு என் கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னவன் அவன்தான். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

கப்பலுக்குள் அறைச் சிப்பந்தி ஆப்பிளைக் கொண்டுவந்து வைத்தபோது அண்ணாச்சி கேட்டார்: “கடைசிப் பயணம். உங்களுக்கெல்லாம் வருத்தமா இருக்கும், இல்லையா?”

“எந்தக் கடைசி சார்? போன வாரமும் கடைசிப் பயணம்தான், அதுக்கு முந்தின வாரமும் அதேதான். இது ஆறாவது. இன்னும் மூணு இருக்கு.”

அன்று சாயங்காலம் தங்க உறுப்பினர்களுக்குக் கேப்டனின் வரவேற்பு. ஆயிரம் பேருக்கு மேல் நின்ற கூடத்தில் அண்ணாச்சி முக்கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து கேப்டனின் கையைப் பிடித்துவிட்டார். கேப்டன் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த புது ஆள். நல்ல மனிதர். சிரித்த முகத்தோடு கையைக் குலுக்கிக் கேட்டார்:

“கப்பல் பயணம் இதுதான் முதல் தடவையா, சார்?”

அண்ணாச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் நின்றவர் இவரைத் தள்ளிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதோடு தெளிந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? விசுவாசியை அவ்வளவு லேசாக எடை போடாதீர்கள். கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், உச்சி வெயில் நேரத்தில் ஏசி மொத்தமாக நின்றுபோனது. அறைகள் அடுப்பாயின. ஜனங்கள் வரவேற்பறையில் கூடிக் கத்த ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவன் இசக்கியப்பன்.

“எங்க சித்தாளுக்குக்கூட வெயில்ல வேலைன்னா மோரு வாங்கிக் குடுப்பேன்யா. நீங்க ஒரு டம்ளர் மோரு குடுத்தியளா? கூப்பிடும்வே மேனேஜர!”

அப்போது ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றார் அண்ணாச்சி. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. கழுத்தில் அட்டை மின்னுகிறது.

“கொஞ்சம் பொறுங்கய்யா! நான் எஞ்சினியர், சொல்லுதேன். மிஷினுன்னா நிக்கத்தான் செய்யும். முப்பது வருஷம் உழைச்ச கப்பல். நம்ம வீட்டு விஷயத்த நாமளே இப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாமா?”

தங்கக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ராத்திரி ஏழு மணிக்கு ஏசி வந்தது. அதற்கு முன்பே மேனேஜர் கத்தியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு உறை கொடுத்திருந்தார். உள்ளே, புதுக் கப்பலான சாகர சாம்ராட்டில் கடல் பார்த்த பால்கனி அறையில் நாலு நாள் இலவசப் பயணச் சீட்டு. கத்தாமல் காத்த அண்ணாச்சிக்கு நன்றிக் கடிதமும், கப்பல் படம் போட்ட ஒரு தொப்பியும்.

மறுநாள் காலை இசக்கியப்பன் அந்த உறையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியைத் தேடி வந்தான்.

“அண்ணாச்சி, எனக்குக் கப்பலே ஒத்துக்கல. மூணு நாளா வயித்துல ஒண்ணும் நிக்கல. நீங்களும் மதினியும் போயிட்டு வாங்க, இத வச்சுக்கிடுங்க.”

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். ‘இச்சலுகை புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். வெள்ளி, தங்க உறுப்பினர்களுக்குப் பொருந்தாது.’ இரண்டு தடவை படித்தார். மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொச்சி நெருங்கியதும் போனில் சிக்னல் வந்தது. வரிசையாகப் படங்கள் விழுந்தன. புது அடுப்பு, புதுப் பானை, நுரைத்துப் பொங்கும் பால், பக்கத்தில் பட்டுப்புடவையில் பிரியா. அவளுக்கு வலப்பக்கம் குமரவேல், இடப்பக்கம் அவனுடைய அப்பா. படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் யாரையும் தேடவில்லை. அதுதான் அவரை ஆட்டிவிட்டது.

அரை மணி நேரத்தில் எனக்குப் போன்.

“நடராஜ், பெங்களூருக்கு ஒரு டிக்கெட் போடும்வே. இப்பவே.”

“நாளைக்கு நல்ல ஏசி பஸ் இருக்கு, அண்ணாச்சி. இன்னைக்குன்னா சாதா வண்டிதான், கடைசி சீட்டு.”

“எந்தச் சீட்டுன்னாலும் போடும். வரிசையில நிக்காம ஏறணும், அம்புட்டுதான்.”

கடைசி சீட்டில் குலுங்கிக் குலுங்கிப் பெங்களூர் போய்ச் சேர்ந்தார். நாலு நாள் தாமதம். பெட்டி நிறையக் கப்பலில் வெளுத்த சட்டைகள். கதவைத் திறந்த பிரியா, அப்பாவையும் அவர் தலையிலிருந்த தொப்பியையும் பார்த்தாள்.

“பால் பொங்கி நாலு நாளாச்சுப்பா. காப்பிதான் இருக்கு.”

“காப்பி போதும்மா” என்றார் அண்ணாச்சி. உள்ளே போய்ச் சமையலறையில் அந்த அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாராம். வேணியம்மா டம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தார்கள். சாயங்காலம் குழாயில் தண்ணீர் கசிகிறது என்று குமரவேல் பிளம்பரைக் கூப்பிடப் போனபோது, “நான் எதுக்கு இருக்கேன் மாப்ள?” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் தங்கினார். ஃபிளாட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆகவே ஆள் திருந்திவிட்டார், கதை சுபம் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வேணியம்மா ஆட்டுக்கல் மேடையில் வழிந்திருந்த இட்லி மாவை, மஞ்சளாக மின்னும் ஏதோ ஒன்றால் வழித்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தேன். தங்க அட்டை.

“அண்ணாச்சி, இதப் பாத்தியளா?” என்றேன் பதறிப்போய்.

“பாத்தேன்வே” என்றார் அண்ணாச்சி, செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டே. “பாயிண்டு இன்னும் ரெண்டு வருஷம் செல்லும். வைர அட்டை வந்தா இதவிடக் கெட்டியா இருக்கும்னு சொல்லுதாங்க.”

வேணியம்மா சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். நீங்களும் இப்போது சிரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். சாம்பார் தண்ணியாகி ஏழு வருஷம் ஆன பிறகும், முதலாளி ஒருநாள் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்பதற்காக நீங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கும் அந்த ஓட்டலுக்கு என்ன பெயர்? சரி, அதை விடுங்கள். இந்தக் கட்டுரையிலேயே நடுவில் தொழில் ரகசியம் என்று நான் அறுத்த இடத்தில் உங்களுக்குக் கொட்டாவி வந்தது எனக்குத் தெரியும். அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஆரம்பித்துவிட்டோமே என்று கடைசி வரி வரைக்கும் கூடவே வந்திருக்கிறீர்கள்.

வாருங்கள், உட்காருங்கள். உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்?